முதல் நாளின் உரிமை: சேமலாப நிதி கடந்து வந்த பாதை

கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஓர் இளைஞர் வாடகை அறையொன்றில் தங்கியிருக்கிறார். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். செட்டியார் தெருவுக்கு அப்பாலுள்ள மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதும் வேலை. சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் தம் சம்பளத் துண்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"ஐயா, ஈ.பி.எஃப். என்று ஒன்றும் இதிலே இல்லையே. முதலாளியிடம் கேட்டால், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அது முடிந்த பிறகுதான் என்கிறார். அது சரிதானா?"

"சரியில்லை, தம்பி" என்றேன். "நீ வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே அது உனக்குச் சேரவேண்டியது."

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "கேட்டால் வேலை போய்விடும், ஐயா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். அரை நூற்றாண்டுக்கு முன்னர் இதே வட்டாரத்து அச்சுக்கூடமொன்றில் நான் பிழை திருத்துநராகச் சேர்ந்தபோதும், இதே கேள்வியைக் கேட்காமலேயே விட்டவன் நான். இருபது வயதிலே ஓய்வுக்காலத்தை யார் நினைக்கிறார்கள்? கையில் வரும் சம்பளம் குறையாமல் வந்தாற் போதும் என்றிருந்தேன்.

ஆனால் அந்த அச்சுக்கூடத்தில் ஈயவெழுத்துக் கோத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் கதையை நான் மறக்கவில்லை. 1967 ஆம் ஆண்டிலிருந்து அங்கே வேலை செய்தவர் அவர். 1983 ஆடிக் கலவரத்தில் அச்சுக்கூடம் எரிந்தது. எழுத்துப் பெட்டிகளோடு சம்பளப் பேரேடுகளும் சாம்பலாயின. தமிழகத்திலிருந்த மகளிடம் போய்விடத் தீர்மானித்து, சேமலாப நிதியைப் பெற விண்ணப்பித்தபோதுதான் உண்மை தெரியவந்தது. அவர் பெயரில் 1977 இற்குப் பிறகே பணம் செலுத்தப்பட்டிருந்தது. முதற் பத்தாண்டு உழைப்புக்கு எந்தப் பதிவும் இல்லை. "எழுத்தெல்லாம் சரியாகக் கோத்தேன் பிள்ளை, என்னுடைய கணக்கை மட்டும் கோக்காமல் விட்டுவிட்டேன்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது.

எனினும் அவர் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பேரேடு எரிந்தும், முதலாளி எங்கோ போய்விட்டும், செலுத்தப்பட்ட ஆறாண்டுப் பணம் அழியவில்லை. அது மத்திய வங்கியில் அவர் பெயரில் இருந்தது. இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தாற்றான் சேமலாப நிதி என்னும் ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் விளங்கும்.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓய்வூதியம் என்பது அரசாங்க உத்தியோகத்தரின் தனிச்சொத்தாக இருந்தது. அவர்கள் மறைந்தபின் மனைவி மக்களைக் காப்பதற்கென 1898 ஆம் ஆண்டிலேயே விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கான கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த நம்மவர்கள் "கவண்மேந்து உத்தியோகம்" என்று தவங்கிடந்ததற்கு மாதச் சம்பளத்தைவிட அந்த ஓய்வூதியமே பெருங் காரணம் எனலாம். பெண் கொடுப்போரும் முதலில் விசாரித்தது அதைத்தான்.

அதே வேளையில், கொட்டாஞ்சேனையையொட்டிய துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும், ஜம்பட்டா வீதியிற் கடைச் சிப்பந்தியாக நின்றவருக்கும், மலையகத்திற் கொழுந்து பறித்தவருக்கும் முதுமைக்கென்று சட்டம் வைத்த பணம் எதுவுமில்லை. பெரிய கம்பனிகள் சில, தமது ஊழியருக்கெனத் தாமாகவே சேமலாப நிதிகளை நடத்தின. ஏனையோருக்கு முதலாளியின் மனமே சட்டம்.

ஓய்வூதியம் உள்ளவர்களும் அதைப் பணயம் வைத்துப் போராடிய காலம் ஒன்று வந்தது. 1947 ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞர்கள் தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவ்வாண்டு யூன் 5 ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் சென்றவர்கள்மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தபோது, கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இன்றளவும் நினைவுகூரப்படும் பெயர் அது. அந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காக வேலையை இழந்தவர்களில் ஒருவர், அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்ன. 'அம்ப யாளுவோ' என்னும் நாவலை எழுதிய சிங்கள எழுத்தாளரும் இவரே.

வேலை பறிபோன அந்த எழுதுவினைஞர், 1956 ஆம் ஆண்டு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் தொழில் அமைச்சரானார். அவருடைய காலத்திலேயே 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. தனியார் துறையில் உழைப்பவருக்கும் முதுமைக்கென ஒரு சேமிப்பு வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 4 பங்கும், தொழில்தருநர் தம் பணத்திலிருந்து 6 பங்கும் செலுத்தவேண்டும் என்று அது தொடங்கியது. 1971 இல் இது 6, 9 என உயர்ந்தது. 1981 இல் 8, 12 ஆயிற்று. அவ்வீதமே இன்றுவரை சட்டத்தின் ஆகக் குறைந்த வீதமாகும்.

இது இலங்கைக்கு மட்டும் தோன்றிய எண்ணமல்ல. தமிழர் பெருந்தொகையாக உழைத்த நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த ஏற்பாடு பரவியது. மலாயாவில் 1951 இலும், இந்தியாவில் 1952 இலும், சிங்கப்பூரில் 1955 இலும் இதற்கான சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தியச் சட்டம் பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்களுக்கே பொருந்துவது. இலங்கையில் ஒரேயொரு சிப்பந்தியை வைத்திருக்கும் கடையும் இதற்குட்பட்டது. வீட்டுப் பணியாளர்கள், பத்துக்குக் குறைவானோரைக் கொண்ட தரும நிறுவனங்கள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வீட்டுப் பணியாளர்களை விலக்கிவைத்திருப்பது பெருங்குறை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீடு வீடாக உழைக்கும் மலையகப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த விலக்குக்குள் அகப்பட்டவர்கள்.

1958 ஆம் ஆண்டு என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. அவ்வாண்டு மே மாதக் கலவரத்திற் கொழும்புத் தமிழர்கள் அகதிகளாகிக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே அரசாங்கந்தான் சேமலாப நிதியையும் கொண்டுவந்தது. முரணாகத் தோன்றினும் வரலாறு இப்படித்தான் இருக்கிறது. உத்தியோகத்துக்கு மொழி கேட்ட காலத்தில், இந்த நிதிச் சட்டம் மொழி கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரிடமும் அது பிரசாவுரிமை கேட்கவில்லை. வாக்கு இல்லாதவருக்கும் சேமலாப நிதிக் கணக்கு இருந்தது.

அதன் பெறுமதி 1964 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அந்த மக்களைக் கேளாமலே அவர்களது தலைவிதியை எழுதிய ஒப்பந்தம் அது. ஆயினும் அதிலே ஒரு வாசகம் உண்டு. நாடு திரும்புவோர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தமது சொத்துக்களைச் செலாவணி விதிகளுக்கமைய எடுத்துச் செல்லலாம் என்றும், அதற்கான உச்சவரம்பை நான்காயிரம் ரூபாவுக்குக் கீழே குறைக்கலாகாது என்றும் அது கூறியது. தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தம் இரண்டு தலைமுறை உழைப்பிற் கையோடு கொண்டுபோக எஞ்சியிருந்தது அந்தத் தொகைதான். பிறந்த மண்ணையும் லயத்தையும் கொண்டுபோக முடியவில்லை. கணக்கிலிருந்த காசு போனது.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓய்வூதியத்துக்கும் சேமலாப நிதிக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெளிவில்லை. ஓய்வூதியம் எப்போதும், "எத்தனை ஆண்டு இருந்தாய்?" என்று கேட்கும். இலங்கை அரசாங்க சேவையில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டு சேவை வேண்டும். இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டமும் மாதாந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு கேட்கிறது. நமது நாட்டின் 1983 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் அத்தகையதே. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைவு செய்தவருக்குத்தான், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கிற் பணிக்கொடை கிடைக்கும்.

சேமலாப நிதி அப்படிக் கேட்பதில்லை. "எந்த நாளில் வேலைக்கு வந்தாய்?" என்ற ஒரு கேள்வி மட்டுமே அதற்கு உண்டு. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், நாட்கூலி, பயிலுநர், துண்டுக்கணக்கிற் கூலி வாங்குபவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. தகுதிகாண் காலம் என்பது ஊழியரின் திறமையைப் பார்ப்பதற்கான காலமே தவிர, அவருடைய சேமிப்பை நிறுத்திவைப்பதற்கான காலமன்று. அடிச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படி, உணவுப்படி, தரகு ஆகியனவும் கணக்கிற் சேரும். மேலதிகநேரக் கொடுப்பனவு மட்டும் சேராது.

இதனுடன் ஊழியர் நம்பிக்கை நிதியும் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 1981 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்நிதிக்கு, தொழில்தருநர் மட்டுமே நூற்றுக்கு 3 பங்கு செலுத்துகிறார். ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் பிடிக்கலாகாது.

கீழ்த்தளத்துத் தம்பிக்கு நான் ஒரு காகிதத்திற் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 3,200. முதலாளியின் பங்கு 4,800. நம்பிக்கை நிதிக்கு 1,200. ஆறு மாதத்தில் முதலாளியின் பணமாக மட்டும் அவர் கணக்குகளிற் சேர்ந்திருக்க வேண்டியது 36,000 ரூபா. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். முப்பது ஆண்டுகளுக்கு வட்டியோடு வளரவேண்டிய பணமும் அதுவே. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

1958 ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் இன்னொன்றையும் நன்றாகச் சிந்தித்திருக்கிறார்கள். நிதியின் நிருவாகத்தைத் தொழில் ஆணையாளரிடமும், பணத்தின் பொறுப்பை மத்திய வங்கியின் நாணயச் சபையிடமும் (2023 ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டத்தின் பின்னர் அது ஆளுகைச் சபையாகியது) பிரித்துக் கொடுத்தார்கள். முதலாளியின் இரும்புப் பெட்டியில் அந்தப் பணம் இருக்கலாகாது என்பதே இதன் உட்பொருள். கடை நொடித்தாலும், உரிமை கைமாறினாலும், எரிந்தே போனாலும், செலுத்திய பணம் ஊழியரின் பெயரில் நிற்கும். எங்கள் முதியவரின் ஆறாண்டுப் பணம் பிழைத்தது இதனாற்றான். பத்தாண்டுப் பணம் தொலைந்தது, அது அங்கே போய்ச் சேரவேயில்லை என்பதனால்.

பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தத் தவறும் தொழில்தருநருக்கு, தாமதத்தின் அளவுக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மிகைக்கட்டணம் உண்டு. சம்பளம் கொடுக்கும்போது ஊழியரின் பங்கைப் பிடிக்கத் தவறினால், பின்னர் அதை அவரிடம் அறவிடவும் இயலாது. இரண்டு பங்கையும் முதலாளியே கட்டவேண்டும். இறுதியாக நீதவான் நீதிமன்றத்தின் மூலமும் பணம் அறவிடப்படலாம். சட்டத்தில் ஓட்டை அதிகமில்லை. ஆயினும் அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே தொழிலாளரின் சேமலாப நிதியைக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்த கதை நாடாளுமன்றத்திற் பலமுறை பேசப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை அது.

இந்த நிதியில் எவர் கைவைத்தாலும் தொழிலாளர் கொதித்தெழுவர் என்பதற்கு 2011 ஆம் ஆண்டு சாட்சி. தனியார் துறை ஊழியருக்கென ஓய்வூதிய நிதியொன்றை அமைக்கும் சட்டமூலத்தை அன்றைய மகிந்த ராஜபக்ஷ அரசாங்கம் கொண்டுவந்தது. ஓய்வூதியம் நல்லதுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். ஆனால் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துப் பெண்கள் கணக்கு அறிந்தவர்கள். ஊரிலிருந்து வந்து சில ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன்னிருந்து உழைத்து, திருமணத்தோடு ஊர் திரும்புவதே அவர்களிற் பலரின் வாழ்க்கை. திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்கள் சேமலாப நிதியைப் பெறலாம் என்கிறது பழைய சட்டம். நீண்டகாலம் பணம் கட்டி முதுமை வரை காத்திருந்தால் மட்டுமே பயன் தரும் ஒரு திட்டம், இளமையிலேயே வேலையை விடும் பெண்ணுக்கு என்ன தரும்? மீண்டும் அதே கேள்விதான்: "எத்தனை ஆண்டு இருந்தாய்?"

மே 30 ஆம் திகதி அவர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸார் சுட்டார்கள். காயமுற்ற ரொஷேன் சானக என்னும் இளந் தொழிலாளி யூன் 1 ஆம் திகதி உயிரிழந்தார். பொலிஸ் மாஅதிபர் பதவி விலகினார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. 1947 இல் கந்தசாமி, 2011 இல் ரொஷேன் சானக. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். ஒருவர் எழுதுகோல் பிடித்தவர், மற்றவர் ஆலையில் உழைத்தவர். இருவரும் யூன் மாதத்தின் முதல் வாரத்திலேயே மறைந்தார்கள்.

பணம் பத்திரமான இடத்தில் இருக்கிறது என்பதனால் அதன் பெறுமதியும் பத்திரமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குப் புகட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஐத் தொட்டது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி நூற்றுக்கு 9. மூன்று இலட்சம் கோடி ரூபாவைக் கடந்த அந்நிதியின் மிகப் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களிலே முடங்கியிருந்தது. 2023 யூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, பழைய முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளை ஏற்கும்படி ஓய்வு நிதிகள் கேட்கப்பட்டன. ஏற்க மறுத்தால் அவற்றின் வருமானத்துக்கான வரி 14 இலிருந்து 30 வீதமாகும் என்ற நிலை. வங்கிகள் விலக்கப்பட்டிருக்க, உழைப்பாளரின் சேமிப்பு அச்சுமையைத் தாங்கியது. தேயிலைக் கொழுந்திலும் தையல் நூலிலும் சேர்த்த பணம், நாடு பட்ட கடனுக்குத் தோள்கொடுத்தது.

அப்படியாயின் இந்த நிதியால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். குறையுள்ள நிதி என்பது உண்மை. ஆயினும் முதலாளியின் 12 பங்கு என்பது, கேட்காமல் விட்டால் வேறெந்த வழியிலும் கைக்கு வராத பணம். வட்டி குறைந்ததென்று சினந்து முதலையும் விட்டுவிடுவது மதியீனம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1983 இற்கு முன்னர் கொழும்பிலே தனியார் கம்பனிகளில் வேலைசெய்து, ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள் உங்களிடையே உண்டு. பெட்டியைத் தேடி எடுக்கவே நேரமில்லாதபோது சேமலாப நிதியை யார் நினைத்தார்கள்? நாட்டை நிரந்தரமாக விட்டுச் செல்பவரும், ஆண்கள் 55, பெண்கள் 50 வயதை அடைந்தவரும் அப்பணத்தைப் பெற உரிமையுடையோர். உறுப்பினர் இறந்திருந்தால் அவர் பெயர் குறித்தவர்களோ சட்டப்படியான உரித்தாளிகளோ கோரலாம். பழைய காகிதங்களுக்கிடையில் உறுப்பினர் இலக்கம் எழுதிய ஒரு துண்டு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது எளியது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலையின் நிபந்தனைகளை எழுத்திலே தரவேண்டும் என்கிறது. சேமலாப நிதி பற்றிய விவரமும் அதில் அடங்கும். அக்கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் மாதத்திலேயே உறுப்பினர் இலக்கத்தைக் கேளுங்கள். சம்பளத் துண்டிற் பிடித்த பணம் உண்மையிற் கட்டப்பட்டதா என்பதைத் தொழில் திணைக்களத்திலோ மத்திய வங்கியிலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஒரு கேள்வியில் முடிகிற காரியம், முப்பதாம் ஆண்டில் நாரஹேன்பிட்டியில் நடையாய் நடந்தாலும் முடியாமற் போகலாம்.

கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் பொய்யன்று. அதை நான் இலேசாகப் பேசமாட்டேன். வேலை போகும் என்று தெரிந்தே கேட்டவர்களாற்றான் இந்தச் சட்டம் வந்தது என்பதையும் மறக்கலாகாது.

நேற்று மாலை ஐந்துலாம்புச் சந்தியில் அந்தத் தம்பியைக் கண்டேன். கடையில் அவரோடு மேலும் நான்கு பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்கும் இலக்கம் இல்லையாம். "ஐந்து பேருமாகச் சேர்ந்து கேட்கலாம் என்று இருக்கிறோம், ஐயா" என்றார். அவர் சட்டைப் பையில் நான் கணக்குப் போட்டுக் கொடுத்த காகிதம் இன்னமும் இருந்தது. மடித்த இடங்களில் அது கிழியத் தொடங்கியிருந்தது.